எதிர்பார்ப்பும் வாக்குறுதியும்

நமது கல்லூரியின் விழா மலரிலே வீடியோ விளையாட்டைப் பற்றியும் ஒரு கட்டுரை வேண்டுமோ என மூத்த பழைய மாணவர் சிலர் முகஞ் சுழித்தல் கூடும். சமயமும் தமிழும், கல்வியும் ஒழுக்கமும் பேசப்படும் ஏட்டிலே இதற்கு என்ன இடம் என்று அவர்கள் வினவுவாராயின், அவ்வினா நியாயமானதே. ஆயினும், இன்று இங்கே பயிலும் மாணவருட் பலர் இவ்விளையாட்டுக்களை நன்கறிந்தவர். பழைய மாணவர் சிலர் மென்பொருள் ஆக்குதலையே சீவனோபாயமாகக் கொண்டவர். அன்றியும், யாம் இங்கே ஆராயப் புகுவது விளையாட்டின் வெற்றி தோல்வியை அன்று. ஒருவர் வாயாற் சொன்ன சொல்லுக்கும், மற்றொருவர் மனத்தால் வளர்த்த ஆசைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே ஆராயப் புகுகின்றோம். அவ்வேறுபாட்டை இக்காலத்து இளைஞர்க்கு விளக்குதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேறில்லை என்பது எம் கருத்து.

புதிய விளையாட்டொன்று வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்னரே அதைப் பற்றிய அறிவித்தல் வெளியாகும். அன்று தொடங்கி இரசிகர் உலகிலே ஒரே கேள்விதான்: அதிலே எந்தெந்தப் பாத்திரங்கள் இடம்பெறும்? நம் கல்லூரியில் வருடாந்தத் துடுப்பாட்டப் போட்டி நெருங்கும் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும். தெரிவுக் குழு கூடுமுன்னரே ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு பதினொருவர் அணி தெரிவாகிவிடும். தம் வகுப்பு மாணவன் அவ்வணியில் இல்லையென்றால், அநீதி நடந்துவிட்டது என்றே பலரும் பேசுவர். பதினொரு பேருக்கே இடமுண்டு என்பதை அவர்கள் அறியாதவரல்லர். அறிந்தும் அவர்தம் ஆசை அவ்வெல்லைக்கு அடங்குவதில்லை.

இவ்வாசை மிகப் பெரிய அளவிலே வெளிப்பட்ட விளையாட்டு, யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ வெளியிடும் 'சுப்பர் ஸ்மாஷ் பிறதர்ஸ்' என்பதாகும். வெவ்வேறு விளையாட்டுக்களிலே தனித்தனி வாழும் பாத்திரங்களை ஒரே களத்திற் கூட்டிப் பொருதச் செய்வது இதன் இயல்பு. 1999ஆம் ஆண்டிலே முதல் விளையாட்டு வெளிவந்தபோது அதில் 12 வீரரே இருந்தனர். 2018 டிசெம்பர் 7ஆந் திகதி வெளிவந்து, 2021ஆம் ஆண்டு வரை சேர்க்கைகள் பெற்று நிறைவெய்திய ஐந்தாவது விளையாட்டிலோ 80க்கு மேற்பட்டோர் உளர். இவற்றின் நெறியாளர் மசஹிரோ சகுராய் என்பவர்.

ஒரு பாத்திரத்தைச் சேர்த்தல் ஓர் ஓவியத்தை ஒட்டுதல் போன்றதன்று. அதற்குரிய நடை, அடி, தடை, பாய்ச்சல், குரல் யாவும் புதிதாக ஆக்கப்படல் வேண்டும். ஏனைய ஒவ்வொருவரோடும் பொருதும்போது அது மிகையாகவும் குறையாகவும் இராதபடி சீர்தூக்கப்படல் வேண்டும். 12 வீரர் இருவர் இருவராகப் பொருதுவதற்கு 66 இணைகளே உள. 80 வீரராயின் அவ்விணைகள் 3,160 ஆகப் பெருகும். இன்னும் ஒருவரைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கும் இரசிகர், அவ்வொருவரால் மேலும் 80 இணைகள் பிறக்கின்றன என்பதை எண்ணுவதில்லை. வேறொரு நிறுவனத்துக்குரிய பாத்திரமாயின், அந்நிறுவனத்தின் இசைவும் பெறுதல் வேண்டும். காலம், உழைப்பு, உரிமை என்னும் இம்மூன்று எல்லைகளும் இரசிகர் கண்ணுக்குப் புலப்படுவன அல்ல. புலப்படாத எல்லையை ஆசை எளிதில் தாண்டிவிடும்.

ஆதலின், எல்லையை எடுத்துச் சொல்லுதல் ஆக்குவோரின் முதற் கடமையாகின்றது. இக்கடமை ஒருகால் நன்கு நிறைவேற்றப்பட்டதையும், ஒருகால் தவறியதையும் இனி நோக்குவோம்.

மெட்ரோயிட் என்னும் விளையாட்டிலே ரிட்லி எனச் சிறகுடைய கொடிய பகைவன் ஒருவன் உளன். அவனை ஸ்மாஷ் களத்தில் வீரனாகக் காணவேண்டும் என்று இரசிகர் பல்லாண்டுகள் வேண்டி நின்றனர். அவனது பேருருவம் களத்துக்கு ஒவ்வாது என்பது சகுராய் கூறிவந்த காரணம். 2014 ஏப்பிரலில் நடந்த ஒளிபரப்பொன்றிலே, ஆட்டக்களங்களில் இடையே தோன்றும் பெரும்பகைவரைப் பற்றிப் பேசுமிடத்து, சிறகுடைய ஒரு நிழல் காட்டப்பட்டது. பெயர் சொல்லப்படவில்லை. அவன் வீரனாக வருகின்றான் என்பதற்கு இதுவே குறிப்பென்று ஒரு சாரார் கொண்டனர். அன்று என்று மறுசாரார் வாதிட்டனர். விளையாட்டு வெளிவந்தபோது அவன் களத்திலே இடையூறு செய்யும் பகைவனாகவே இருந்தான். நிழலைக் காட்டியவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் நிழலுக்கு இரு பொருள் உண்டு என்பதை அவர் எண்ணியிருத்தல் வேண்டும். ஏங்கி நிற்பவன் முன்னே பாதி திறந்த கதவைக் காட்டினால், அவன் அதை முழுதும் திறந்ததாகவே கொள்வான்.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 2018 யூன் 12ஆந் திகதி, அதே நெறியாளர் வேறு விதமாக நடந்துகொண்டார். முன்னைய விளையாட்டுக்களில் வந்த வீரர் அனைவரும், ஒருவர் தப்பாமல், புதிய விளையாட்டில் வருவர் என அன்று அறிவித்தார். அதனோடு அமையாது, பழையோர் அனைவரையும் மீட்டுக் கொணர்வதற்கே பெருமுயற்சி செலவாயிற்று. ஆதலாற் புதியோர் பலரை எதிர்பார்க்க வேண்டா என்றும் எடுத்துச் சொன்னார். இதனை யாம் மிகவும் பாராட்டுகின்றோம். நற்செய்தியோடு அதன் விலையையும் ஒரே மூச்சிற் கூறுதல் எல்லார்க்கும் எளிதன்று. இன்ப அறிவித்தலின் நடுவே ஒரு 'இல்லை'யைச் சொன்னால் கைதட்டல் குறையும் என்று அஞ்சுவோரே உலகிற் பலர். அன்றைய நாளிலேதான் ரிட்லியும் வீரனாக அறிமுகஞ் செய்யப்பட்டான். நெடுநாளைய வேண்டுகோளொன்று நிறைவேறியமையும், இனி வரவுள்ளவை சிலவே என்ற எச்சரிக்கையும் ஒருங்கே வந்தன.

அவ்வெச்சரிக்கை போதியதாயிற்றோவெனின், இல்லை. அவ்வாண்டு ஒக்டோபரில், எவரோ வெளியிட்ட ஒரு புகைப்படம் இரசிகரிடையே பரவியது. விளம்பரப் பதாகை ஒன்றின் படம் அது எனப்பட்டது. இரசிகர் பல்லாண்டு விரும்பிய பாத்திரங்கள் பல அதிற் காணப்பட்டன. நின்டெண்டோ அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆயினும் பலர் அதனை உண்மையென்று நம்பினர், சான்றுகள் தேடினர், ஐயுற்றோரோடு வாதிட்டனர். நவம்பர் 1ஆந் திகதி அதிகாரபூர்வமான ஒளிபரப்பு நிகழ்ந்தது. விளையாட்டோடு வரும் புதியோருள் இறுதியாக கென், இன்சினரோர் என்னும் இருவரே அறிவிக்கப்பட்டனர். அப்புகைப்படம் போலியென்பது தெளிவாயிற்று. அதனாற் சினங்கொண்ட இரசிகர் சிலர், போலிப் படம் செய்தவனை விட்டு, விளையாட்டை ஆக்கியோரையே நொந்தனர்.

இங்கேதான் நமது விடயத்தின் உட்பொருள் கிடக்கின்றது. யூன் மாதத்திற் சொல்லப்பட்டது ஒரு வாக்கு. அது முழுதும் காப்பாற்றப்பட்டது. ஒக்டோபரிற் பரவியது ஒரு வதந்தி. அதற்கு ஆக்கியோர் பொறுப்பாளர் அல்லர். ஆனால் ஏமாற்றத்தின் வலி, வாக்கு எது வதந்தி எது என்று பார்த்து வருவதில்லை. வராத வீரனுக்காக வருந்தும் இளைஞனின் துயரம் பொய்த் துயரம் அன்று. துயரம் உண்மையாயிருத்தல் ஒன்று. அத்துயருக்கு ஒருவரைக் கடனாளி ஆக்குதல் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிதலே கல்வி.

இனி, ஆக்கியோர்பக்கம் பிழை உள்ள உதாரணங்களையும் மறைக்காது கூறுதல் நீதி. பொக்கேமொன் என்னும் விளையாட்டுத் தொடர் 1996இலே தொடங்கியது. அதில் வரும் பிராணிகள் அனைத்தையும் பிடித்துச் சேர்க்கவேண்டும் என்பதே ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அதன் விளம்பர வாசகமாக விளங்கிற்று. ஆண்டுதோறும் பிராணிகள் பெருகி 800க்கு மேலாயின. 2019 யூன் மாதத்தில், அவ்வாண்டு நவம்பரில் வெளிவரவிருந்த புதிய விளையாட்டிலே எல்லாப் பிராணிகளையும் கொண்டுவர இயலாது என அதன் தயாரிப்பாளர் யுனிச்சி மசுடா அறிவித்தார். எண்ணிக்கை மிகுந்தமையும், உருவங்களைத் திருத்தமாக ஆக்க வேண்டியமையும், வலுவைச் சமன்செய்தலின் கடினமும் அவர் காட்டிய காரணங்கள். இரசிகர் வெகுண்டெழுந்தனர். அம்மாதக் கடைசியில் அவர் மற்றுமோர் அறிக்கை விடுத்து, இரசிகரின் அன்பை மதிப்பதாகக் கூறினார், தீர்மானத்தை மாற்றினாரல்லர்.

ஐந்து மாதங்களுக்கு முன்னரே, பணம் கொடுத்து வாங்குமுன்னரே, குறையைச் சொன்னமை நேர்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரசிகரின் சினத்தை வெறும் பேராசை என ஒதுக்குதல் தகாது. அனைத்தையும் சேர்க்குமாறு இரசிகரைப் பழக்கியவர் யார்? பல்லாண்டு விளம்பரம் விதைத்த விதையே சினமாக முளைத்தது. இருபது ஆண்டுகள் ஓர் ஆசையை வளர்த்துவிட்டு, ஒரு நாள் அறிக்கையால் அதை அடக்க முயலுதல் பெருவெள்ளத்துக்குக் கையால் அணை கோலுதல் போலாம். ஆக்கியோர் தம் வாயாற் சொன்ன வாக்குக்கு மட்டுமன்றி, தம் விளம்பரத்தால் வளர்த்த நம்பிக்கைக்கும் ஓரளவு பொறுப்பாளர் என்க. இதன் பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். அவ்விளையாட்டு அவ்வாண்டு முடிவதற்குள் 1 கோடி 60 இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. 2020இல் வெளிவந்த சேர்க்கைகளோடு, விடுபட்டவற்றுள் 200க்கு மேற்பட்ட பிராணிகள் மீண்டன.

வேறொரு பிழை 2017இல் நிகழ்ந்தது. கப்கொம் நிறுவனம் மார்வெல் பாத்திரங்களோடு தன் பாத்திரங்களைப் பொருதச் செய்யும் விளையாட்டுத் தொடரில் அவ்வாண்டு ஒரு புதிய பாகத்தை வெளியிட்டது. 1990களிலிருந்து அத்தகைய விளையாட்டுக்களுக்கு உயிராக இருந்த எக்ஸ்-மென் கூட்டத்தார் அதில் ஒருவரேனும் இலர். அவர்களின் திரைப்பட உரிமை அப்பொழுது வேறொரு நிறுவனத்திடம் இருந்தமையே காரணம் எனப் பலரும் ஊகித்தனர். இது பற்றிக் கேட்கப்பட்டபோது, நிறுவனத்தின் சார்பிற் பேசியோர், பாத்திரங்கள் என்பன செயற்பாடுகளேயென்றும், மக்னீற்றோ இல்லாவிடினும் அவனைப் போன்றே இயங்கவல்ல வேறு வீரர் உளர் என்றும் விடை பகர்ந்தனர். அவ்விடையே இரசிகரைப் பெரிதும் புண்படுத்தியது. 'இம்முறை இயலவில்லை' என்னும் எளிய சொல்லைத் தாங்கியிருப்பர். 'நீர் விரும்பியது ஒரு பொருளே அன்று' என்னும் சொல்லை எவர்தாம் தாங்குவர்? தாயிழந்த பிள்ளைக்கு, சோறு சமைப்பவர் வேறொருவர் உளர் என்று ஆறுதல் கூறுதல் போன்றது அது. ஆசையை நிறைவேற்ற இயலாதபோது அதனை இகழாதிருத்தல் ஆக்குவோரின் இரண்டாவது கடமை.

மூன்றாவது கடமை, சொற்களை அளந்து வழங்குதல். 2015ஆம் ஆண்டு, ஸ்மாஷ் விளையாட்டில் யாரைச் சேர்க்கலாம் என நின்டெண்டோ உலகெங்கணும் வாக்குக் கேட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் பயொனெற்றா என்னும் பாத்திரம் அறிவிக்கப்பட்டது. அப்போது, பேசி இசைவு பெறக்கூடியனவும் ஆக்கக்கூடியனவுமான பாத்திரங்களுள் முதலிடம் பெற்றது இதுவே என்று அடைமொழியோடு சொன்னார்கள். பலர் அந்த அடைமொழியைக் கவனித்திலர். வாக்குகளின் முழு விவரம் வெளியிடப்படவில்லை. ஆறு ஆண்டுகள் சென்று, 2021 ஒக்டோபர் 5ஆந் திகதி, கிங்டம் ஹார்ட்ஸ் விளையாட்டின் நாயகனான சோரா இறுதி வீரனாக அறிவிக்கப்பட்டபோதே, 2015இல் மிகுதியான வாக்குப் பெற்றவன் அவனே என்ற செய்தி வெளியாயிற்று. டிஸ்னி நிறுவனத்தின் இசைவு பெறாமல் அவனைக் கொணர இயலாது. முதலிற் சொன்ன சொல்லிலே பொய் இல்லை; அதன் முழுப்பொருளை அடைமொழி தாங்கி நின்றது. இதிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். சொல்வோர் அடைமொழியை விடாது சொல்லவேண்டும். கேட்போர் அதனை விடாது கேட்கவேண்டும்.

இவ்வாறு எல்லையைச் சொல்லிக்கொண்டே போனால் வியப்பு எங்ஙனம் எஞ்சும் என்று மாணவர் சிலர் வினவக்கூடும். அது தக்க வினாவே. எதிர்பாராத வரவால் உண்டாகும் மகிழ்ச்சி இவ்விளையாட்டுக்களின் இன்பத்துள் ஒரு பகுதி. 1998இல் வந்த பாஞ்சோ–கசூயி என்னும் கரடியும் பறவையும், அவற்றை ஆக்கிய நிறுவனத்தை 2002இல் மைக்ரோசொப்ட் வாங்கிய பின்னர் நின்டெண்டோ களத்துக்குத் திரும்பா என்றே பலரும் எண்ணினர். 2019 யூனில் அவற்றின் வரவு அறிவிக்கப்பட்டபோது வளர்ந்த ஆடவரும் ஆனந்தக் கண்ணீர் உகுத்தனர். அந்த மகிழ்ச்சியை முன்னறிவித்தலாற் கெடுக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. ஒரு நடுவழி உண்டு. 2020 மார்ச்சிலே, அடுத்த வீரர் 'ஆம்ஸ்' என்னும் விளையாட்டிலிருந்து வருவார் என்று மட்டும் அறிவித்தனர். இன்னார் என்பதை யூன் மாதத்திலேயே வெளியிட்டனர். வேறு விளையாட்டுக்களின் பாத்திரங்களுக்காகக் காத்திருந்தோர் இம்முறை தமக்கு இல்லையென்பதை முன்னரே அறிந்து மனத்தை ஆற்றிக்கொண்டனர். காத்திருக்கத் தக்கோர்க்கு வியப்பும் எஞ்சியது. வீட்டின் பெயரைச் சொல்லி, விருந்தாளியின் பெயரை மறைத்தல் இது. இறுதி வீரனை அறிவிக்குமுன்னரும், இவரோடு முடிந்தது என்று முன்கூட்டியே சொன்னார்கள். முடிவைச் சொல்லாது இழுத்துச் செல்லுதல் இரசிகரைத் தம்மிடம் கட்டிவைக்கும் தந்திரமாகும். அதை அவர்கள் செய்திலர்.

ஆக்குவோர்க்கு இவ்வளவு கடமைகள் கூறிய யாம், இரசிகர்க்கு ஒன்றுங் கூறாது விடுதல் ஓரவஞ்சனையாகும். பணங் கொடுப்பவர் நாமல்லவோ, கேட்கும் உரிமை நமக்கில்லையோ என்பது அவர்கள் கட்சி. உரிமை உண்டு. வேண்டுகோள் விடுக்கலாம், குறை கூறலாம், ஏற்காவிடின் வாங்காது விடலாம். ஆனால் வாங்குமுன் அறிவிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத ஒன்றை, எனக்குத் தரவேண்டியதைத் தரவில்லை என்று சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. அப்படிச் சொல்வதோடு நில்லாது, அறியாத மனிதரின் பெயரைக் குறித்து இழிசொற்களைப் பொழிதலோ உரிமையும் அன்று, இரசனையும் அன்று. திரைக்கு அப்பால் இருப்பதும் உழைத்துக் களைத்த ஓர் உள்ளமே. ஸ்மாஷ் விளையாட்டின் முதற் சேர்க்கைத் தொகுதியிலே வீரர்களைத் தெரிந்தெடுத்தது நின்டெண்டோ நிறுவனமே. ஆக்க இயலுமா என ஆராய்ந்து முடிவுசெய்தலே சகுராயின் பங்கு. இதனை அவரே 2018 நவம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பின்னரும் தெரிவு பற்றிய வசை அவர்மேலேயே விழுந்தது. வசைபாட விரைந்தோர் வாசிக்க விரைந்திலர்.

மாணவச் செல்வங்களே! இப்போது ஸ்மாஷ் போய் இன்னொன்று வரும். இப்பாத்திரங்களின் பெயர்களும் மறையும். ஆனால் இன்னும் வெளிவராத ஒன்றின்மேல் ஆசை வைத்துக் காத்திருக்கும் நிலை வாழ்நாள் முழுதும் உங்களைத் தொடரும். பரீட்சைப் பெறுபேறும், பல்கலைக்கழக அனுமதியும், உத்தியோகமும் அத்தகையனவே. அவ்வேளைகளில் ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதனை எனக்குத் தருவதாகச் சொன்னவர் யார்? எந்தச் சொற்களாற் சொன்னார்? விடை உண்டாயின், அச்சொல்லைக் காட்டி நிமிர்ந்து நின்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. விடை இல்லையாயின், அது உங்கள் ஆசை. ஆசை கொள்ளுதல் குற்றமன்று. அதற்குப் பிறரைக் கடனாளி ஆக்குதலே குற்றம்.

பழைய மாணவர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம்முட் பலர் இன்று பிறர் எதிர்பார்ப்புக்குரிய இடங்களில் இருக்கின்றோம். சிலர் மென்பொருள் ஆக்குகின்றோம். சிலர் பாடசாலை நடத்துகின்றோம். சிலர் இவ்விழாவையே நடத்துகின்றோம். மண்டபமும் நூலகமும் மைதானமும் பற்றி மேடையிற் பேசும்போது, எது தீர்மானமாயிற்று, எது விருப்பம் மாத்திரம் என்று பிரித்துச் சொல்வோமாயின், நம்மை நோக்கியிருக்கும் இளைஞர் ஏமாறார். இயலாததை முன்னரே இயலாது என்பதும், இயன்றதைச் சொன்னபடி முடிப்பதும் பெரிய கலையல்ல. ஆயினும் அவை செய்யப்படும் இடத்திலே நம்பிக்கை தானே வந்து குடியேறும்.